சிக்கந்தர் மாமா என் ஜோடி

துருக்கியில் சிக்கந்தர் மாமாவைக் கிட்னிக்காகக் கடத்திவிட்டார்கள் என்று நான் நம்பினேன்.

ஏதோ ஒரு நிமிஷம் அப்படித் தோன்றியது, உடனே தெளிந்துவிட்டேன் என்றெல்லாம் பூசி மெழுகப் போவதில்லை. முழுசாக நம்பினேன். மாமாவுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. சர்க்கரை அவர் உடம்பில் குடிவந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கிட்னியை வெள்ளித் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கோடு நீட்டினால்கூட வாங்கிக்கொள்ள உலகத்தில் ஒரு டாக்டர் கிடையாது. இது எனக்கும் தெரியும். ஆனால் பயம் வந்துவிட்டால் நமக்குத் தெரிந்ததெல்லாம் லீவு போட்டுவிட்டுப் போய்விடுகிறதே, என்ன செய்ய?

நான் குருசாமி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். இராஜபாளையத்தில் ஒரு சுற்றுலா அலுவலகத்தில் டூர் மேனேஜராக இருந்தேன். வெளிநாட்டுக் கோயில், பள்ளிவாசல், சர்ச், கோட்டை, இடிந்த அரண்மனை என்று குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், போன அத்தனை பேரையும் திரும்பக் கொண்டுவந்து அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிடுவதுதான் வேலை. “ஒனக்கென்னப்பா, ஓசியில ஒலகம் சுத்துற” என்பார்கள். உண்மையில் உலகத்தை நான் பார்க்கவே இல்லை. உலகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் ஆட்களின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிரமிடு எனக்குப் பின்னால் இருந்ததாகச் சொன்னார்கள்.

போன வருஷம் என் முழங்கால் மூட்டு ராஜினாமா கொடுத்தது. நானும் கூடவே கொடுத்துவிட்டேன். அறுபதுக்கு இன்னும் நாலைந்து வருஷம் இருக்கிறது. ஆனாலும் ஓய்வுபெற்றவன் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு கௌரவம் இருக்கத்தான் செய்கிறது. சமீபத்தில் அலுவலகப் பக்கம் டீ குடிக்கப் போனபோது, என் இடத்துக்கு வந்திருக்கும் பவித்ரா தன் போனை நீட்டினாள். வரைபடத்தில் நீலப் புள்ளிகள் நகர்ந்துகொண்டிருந்தன.

“பாருங்க சார், வியட்நாம்ல நம்ம குரூப்பு. ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஆளு. யாரும் தொலையவே முடியாது. இது இல்லாம நீங்க எப்படி சார் சமாளிச்சீங்க?”

“எங்கே சமாளிச்சேன்ம்மா?” என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, “அதையே எழுதிக் குடுங்க சார், புதுசா வாற பிள்ளைகளுக்கு ஆவும்” என்றாள். ஆகவே இது.

என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஆம்னி பஸ் கவுண்டரில் உட்கார்ந்து, “சென்னை, சென்னை, சென்னை” என்று கூவிக்கொண்டிருந்தேன். ஒருநாள் டிக்கெட் வாங்க வந்த தேவசகாயம் சார் சற்று நேரம் நின்று கேட்டுவிட்டு, “கொரலு நல்லாருக்கு தம்பி. மண்டை எப்படின்னு பொறவு பாத்துக்கிடலாம்” என்றார். அவர்தான் இராஜபாளையம் அலுவலகத்தின் முதலாளி. மறுவாரம் வேலைக்குச் சேர்ந்தேன். மண்டையைப் பற்றி அவர் கடைசிவரை எதுவும் சொல்லவில்லை.

தேவசகாயம் சாரைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றிச் சொல்ல முடியாது. வெள்ளை அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் மூடி போட்ட பேனா. விமான நிலையத்தில் உலகமே தலைதெறிக்க ஓடும்போது, மதியச் சாப்பாடு முடித்து வெற்றிலை வாங்கப் போகிறவர் மாதிரி நடப்பார். “ஓடாதலே. நீ ஓடுனா பின்னாடி மொத்தக் குரூப்பும் ஓடும். எதுக்கு ஓடுதோம்னு ஒருத்தனுக்கும் தெரியாது” என்பார்.

போனில் கூப்பிட்டால் முதல் கேள்வி ஒன்றேதான்: “சாப்பிட்டியா?” நேபாளத்தில் ஒரு மலைப் பாதையில் எங்கள் பஸ் அச்சு முறிந்து நின்றபோது அழாத குறையாக அவரைக் கூப்பிட்டேன். “சாப்பிட்டியா?” என்றார். “இல்ல சார், இங்க பஸ்சு...” என்று ஆரம்பித்தேன். “போய்ச் சாப்பிட்டுட்டுக் கூப்பிடு” என்று வைத்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரோட்டோரக் கடையில் ஏழு பூரி சாப்பிட்டேன். ஏழாவது பூரியில்தான், எதிரே வந்த காலி லாரியைக் கைகாட்டி நிறுத்தலாம் என்ற யோசனையே வந்தது.

அவர் கண்டுபிடித்த முறைதான் ‘ஜோடி’. எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தலையை எண்ணினால் பிடிக்காது. “என்னப்பா, ஆட்ட எண்ணுத மாதிரி எண்ணுத?” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கண் பட்டுவிடும் என்று விரலை மடக்கச் சொல்கிற ஆட்களும் உண்டு. அதனால் சார் எண்ணுவதையே விட்டுவிட்டார். கிளம்புவதற்கு முன்பே ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி போட்டுவிடுவோம். பஸ் படியில் நான் நின்றுகொண்டு, “ஜோடி?” என்று கேட்பேன். ஏறுகிறவர் தன் ஜோடியின் தோளைத் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும்.

ஜோடி போடுவதற்கும் விதிகள் உண்டு. புருஷனுக்குப் பெண்டாட்டியை ஜோடி போடக்கூடாது. ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியாமல் போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும். தூங்குமூஞ்சிக்குத் தூங்குமூஞ்சி ஆகாது. மாமியாருக்கு மருமகள் ஆகவே ஆகாது. காணாமல் போனாலும் சொல்ல மாட்டார்கள். ஒருமுறை கம்போடியாவுக்குப் போன குடும்பத்தில், பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு ஓரகத்திகளைத் தெரியாமல் ஜோடி போட்டுவிட்டேன். முதல் நாள் ஒருத்தி இன்னொருத்தியின் தோளைக் குடை நுனியால் தொட்டுக் காட்டினாள். கடைசி நாள் ஒரே டப்பாவிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய் நக்கிக்கொண்டு, மாமியாரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

அதே பயணத்தில்தான் பால்கோவா சோதனை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பால்கோவா இல்லாமல் விமானம் ஏற மாட்டார்கள். அங்கே விமான நிலையத்தில் ஒவ்வொரு பையிலும் ஒரே மாதிரி பழுப்பாக ஒரு கட்டி தெரிய, அதிகாரி அம்மாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மேஜையில் அடுக்கிவிட்டு, “என்ன இது?” என்று கேட்டார். பதறிப்போய் நான் சொன்ன பதில், “மருந்து.” அதைவிட மோசமான வார்த்தை அகராதியில் இருந்திருக்க முடியாது. குழுவிலிருந்த கோமதி அக்காதான் என்னை ஒதுக்கித் தள்ளிவிட்டு முன்னே வந்தார். ஒரு பொட்டலத்தைப் பிரித்து அந்த அம்மாளின் கண்ணைப் பார்த்துக்கொண்டே முழுசாகச் சாப்பிட்டார். அப்புறம் அடுத்ததை எடுத்தார். மூன்றாவதைப் பிரிக்கும்போது அதிகாரி சிரித்துவிட்டார். போகச் சொல்லிவிட்டார்.

இனி துருக்கி.

சிக்கந்தர் மாமா இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற பட்டறை நடத்தியவர். இப்போது மகன் நாசர் பார்த்துக்கொள்கிறான். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் வீட்டுக்காரர்களும் நாங்களும் மாமன் மச்சான் போட்டுத்தான் பேசிக்கொள்வோம். அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மாப்ளே. அவர் மனைவி மைமூன் மாமிக்கு நான் மருமகன். நாசர் பெற்றோரையும் தங்கைகள் குடும்பத்தையும் சேர்த்துத் துருக்கிக்கு ஏற்பாடு செய்தான். பழைய பள்ளிவாசல்கள், சுல்தான்களின் அரண்மனை, பெரியவர்கள் அடக்கமான இடங்கள், எல்லாம் உண்டு.

மாமாவுக்கு முதலில் அவர் மூத்த மருமகனைத்தான் ஜோடி போட்டேன். இஸ்தான்புல்லில் முதல் நாளே மருமகன் தொலைந்து போனார். கடைத்தெருவில் வழி தெரியாமல் திகைத்து நின்றவரை மாமாதான் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார். “மாப்ளே, இவரு ஆவ மாட்டாரு. நீயே எனக்கு ஜோடியா இரு” என்றார். சரி என்று ஒத்துக்கொண்டேன். டூர் மேனேஜர் யாருக்கும் ஜோடியாக இருக்கக்கூடாது என்பது தேவசகாயம் சாரின் விதிகளில் இன்னொன்று. அதை ஏன் சொன்னார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

மாமாவோடு போவது சுகமாகத்தான் இருந்தது. எதிரே யார் வந்தாலும் ஸலாம் சொல்வார். அவர்களும் நெஞ்சில் கையை வைத்துப் பதில் சொல்வார்கள். உடனே மாமா நின்று தமிழில் நலம் விசாரிப்பார். “நல்லாருக்கியளா? பிள்ளைய என்ன படிக்கி?” அவர்கள் துருக்கி மொழியில் பதில் சொல்வார்கள். இரண்டு பேரும் திருப்தியாகப் பிரிவார்கள். “எல்லாம் நம்ம ஆளுவ மாதிரிதான் மாப்ளே இருக்காவ. பாஷைதான் கொஞ்சம் கோளாறு” என்பார்.

கடைசி நாள் புர்சா என்ற ஊரில் இருந்தோம். மதியம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குப் பஸ் ஏறினால்தான் இஸ்தான்புல் போய் ராத்திரி விமானத்தைப் பிடிக்க முடியும். தூறல் விழுந்துகொண்டிருந்தது. எம்ரே என்ற உள்ளூர் வழிகாட்டி நன்றாக ஆங்கிலம் பேசுவான். அவனோடு பெண்கள் எல்லாம் பட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விட்டார்கள். ஆண்கள் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னாலிருந்த சின்னப் பள்ளிவாசலில் மதியத் தொழுகையான லுஹர் தொழுதார்கள். உள்ளே போகும் முன் மாமா தன் போனை என்னிடம் நீட்டி, “பள்ளிக்குள்ள இது எதுக்கு, நீயே வச்சிக்க” என்றார். பையில் போட்டுக்கொண்டேன்.

தொழுகை முடிந்து நாசரும் மற்றவர்களும் வெளியே வந்தார்கள். “அத்தா கூடுதலா சுன்னத்துத் தொழுவையும் தொழுதுட்டு வாராவ. நீங்க கூட்டிட்டு வாங்க மச்சான்” என்று சொல்லிவிட்டு அவர்களும் கடைத்தெருவுக்குப் போனார்கள். நான் எதிர்ச் சந்திலிருந்த டீக்கடைக்குள் நுழைந்தேன். இடுப்பு சிறுத்த கண்ணாடிக் குவளையில் டீ கொடுத்தார்கள். குளிருக்கு இதமாக இருந்தது. இன்னொன்று சொன்னேன். திரும்பி வந்தபோது பள்ளிவாசல் காலி.

உள்ளே எட்டிப் பார்த்தேன். கம்பளம் மட்டும் இருந்தது. காலணி வைக்கும் பலகையில் மாமாவின் ஷூ இல்லை. கடத்திக்கொண்டு போகிறவர்கள், “இருங்கள் பெரியவரே, லேஸ் கட்டிக்கொள்ளுங்கள்” என்று காத்திருப்பார்களா என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

போன் போட்டேன். என் பையே அலறியது. மாமாவுக்குக் காது மந்தம் என்று நாசர் அந்தப் போனில் மில் சங்கு சத்தத்தை வைத்திருந்தான். ஷிப்டு மாறுவதற்கு ஊதுகிற அதே சங்கு. அமைதியான முற்றத்தில் அது ஊதியதும் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. நான் பயத்தில் பையைக் கீழே போட்டேன். யார் கூப்பிடுகிறார்கள் என்று எடுத்துப் பார்த்தால், நான்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

டீக்கடைக்காரரிடம் ஓடினேன். ஆமாம், ஓடினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குத் துருக்கி மொழி தெரியாது. தலையில் தொப்பி, நரைத்த தாடி, சற்றுக் கூன் என்று மாமாவை நடித்துக் காட்டினேன். புரிந்துகொண்டார். நன்றாகத் தலையாட்டினார். பிறகு அவர் நடித்தார்.

கையை மேலே, வானத்தைப் பார்த்து உயர்த்தினார். கண்ணை மூடித் தலையைச் சாய்த்தார். இரண்டு கையாலும் எதையோ தூக்கித் தோளில் வைத்தார். நாலு எட்டு நடந்தார். குனிந்து உள்ளே தள்ளினார். கதவை இரண்டு பக்கமும் படார், படார் என்று சாத்தினார். பச்சைத் தேங்காய்ப்பூத் துவாலை ஒன்றைத் தொட்டுக் காட்டி, ஸ்டியரிங் பிடித்து ஓட்டினார். பச்சை வேன். மேட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியுமா? மாமா கையை உயர்த்திக் கதறியிருக்கிறார். மயக்க மருந்து. தோளில் தூக்கி வேனில் தள்ளிக் கதவைச் சாத்திக் கொண்டுபோய்விட்டார்கள். கிளம்புவதற்கு முந்தின வாரம்தான் என் மைத்துனன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான்: வெளிநாட்டில் தனியாக நிற்கும் சுற்றுலாப் பயணிகளே உஷார், கிட்னி கும்பல் பச்சை வேனில் சுற்றுகிறது. வேன் பச்சை என்று அதில் இருந்ததா இல்லையா என்பது இப்போது நிச்சயமில்லை. அன்றைக்கு நிச்சயமாக இருந்தது.

தேவசகாயம் சாரைக் கூப்பிட்டேன்.

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன் சார். சார், சிக்கந்தர் மாமாவக் கடத்திட்டானுவ சார்!”

“யாரு பாத்தா?”

“டீக்கடைக்காரரு சார்.”

“என்ன சொன்னாரு?”

“சொல்லல சார். நடிச்சாரு.”

“மாமாவோட வீட்டம்மாகிட்ட சொன்னியா?”

“எப்படி சார் சொல்ல? நெஞ்சு வெடிச்சிருமே சார்.”

“யாருக்கு, ஒனக்கா அவங்களுக்கா? இங்க பாரு. நாப்பத்தஞ்சு வருஷமா அந்த மனுசங்கூடக் குடும்பம் நடத்துனவங்க அவங்க. அவரு எங்க போவாருன்னு ஒனக்குத் தெரியுமா, அந்த ஊரு போலீசுக்குத் தெரியுமா? மொதல்ல அந்தம்மாகிட்டக் கேளு. நடந்து போ.”

நடந்துதான் போனேன். கால் ஓடியது, நான் நடந்தேன். பட்டுக் கடைத்தெருவில் மைமூன் மாமி ஒரு கடைக்காரரிடம் தமிழில் பேரம் பேசிக்கொண்டிருந்தார். “இது பட்டா? நெசமாப் பட்டா? சொல்லுப்பா” என்று சால்வை ஒன்றைக் கசக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். நாசர் பக்கத்தில் பைகளைச் சுமந்துகொண்டு நின்றான்.

“மாமி,” என்றேன், “பதட்டப்படாதீங்க. ஒண்ணுமில்ல. தைரியமா இருங்க. மொதல்ல உக்காருங்க.”

மாமி என்னைப் பார்த்தார். என் சட்டை நனைந்திருந்தது. அதில் மழையின் பங்கு குறைவு. கடைக்காரரின் முக்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்து, தன் பையிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். “குடிங்க மருமவனே. என்ன, அவியளக் காணுமா?”

டீக்கடைக்காரரின் நடிப்பை அப்படியே நடித்துக் காட்டினேன். கையை உயர்த்தினேன், கண்ணை மூடினேன், தோளில் தூக்கினேன், கதவைச் சாத்தினேன். நாசரின் கையிலிருந்து பைகள் விழுந்தன. “அத்தா!” என்று அலறிவிட்டு, “எம்பசிக்குப் போன் போடுங்க மச்சான், எம்பசிக்கு!” என்றான். அவன் போனை அவனே தேட, நானும் சேர்ந்து தேட, அது அவன் காதில் இருந்தது.

மாமி மட்டும் யோசித்துக்கொண்டு நின்றார். “இன்னொருக்கா செஞ்சு காட்டுங்க மருமவனே” என்றார். செய்தேன்.

“பள்ளியில மையித்து ஏதும் வந்திருந்துச்சா?”

மையித்து என்றால் அவர்கள் பேச்சில் இறந்தவரின் உடல். நான் விழித்தேன்.

“முத்தத்துல கல்லு மேல பச்சத் துணி போட்டு ஒரு பெட்டி வச்சிருந்தாவளா?”

யோசித்தேன். டீ குடிக்கப் போகும்போது முற்றத்து ஓரத்தில் ஒரு மேடையும் அதன்மேல் பச்சைத் துணி மூடிய நீளமான ஏதோ ஒன்றும் இருந்தது. கட்டட வேலைக்குச் சாமான் இறக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துச் சுற்றிக்கொண்டு போனேன்.

“இருந்துச்சு மாமி.”

“முடிஞ்சுது போங்க,” என்று மாமி சால்வையைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார். “மவுத்தானவங்க பின்னாடி போயிட்டாவ. ஊருலயும் இதே சோலிதான். இராசபாளையத்துல எந்தத் தெருவுல யாரு செத்தாலும், எந்தச் சாதி சனமா இருந்தாலும், அவிய இல்லாம எடுக்க மாட்டாவ. எங்க மூத்தவளப் பொண்ணு கேட்டு வந்தன்னிக்கு, வீட்டுக்கு வார வழியில வத்திராயிருப்புல எறங்கி யாரோட எழவுக்கோ போயிட்டாவ. சம்பந்தக்காரங்க இங்க காத்துக் கெடக்காங்க. பொறவு சாயங்காலமா தலை முழுகிட்டு வந்து நிக்காவ. பாதியில வரப்படாதாம்லா.”

நாசர் வாயைத் திறந்தபடி நின்றான். “ஏம்மா, இது தெரியாத ஊரும்மா!”

“ஒங்க அத்தாவுக்கு இதுதான் தெரிஞ்ச ஊரு. மத்ததெல்லாம் நீ கூட்டிட்டுப் போய்க் காட்டுனது” என்றார் மாமி.

எம்ரே டீக்கடைக்காரரிடம் போய்த் துருக்கி மொழியில் பேசிவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தான். மாமி சொன்னது சரி. கையை உயர்த்தியது துஆ, இறந்தவருக்கான பிரார்த்தனை. கண்ணை மூடியது இறந்தவர். தோளில் தூக்கியது பெட்டியை. பச்சை வேன் நகராட்சியின் சவ வண்டி. மேட்டின்மேல் கல்லறைத் தோட்டம். நம் பெரியவரும் ஏறிக்கொண்டு போனார். அவ்வளவையும் அந்த மனிதர் ஒரு எழுத்து பிசகாமல் நடித்துக் காட்டியிருந்தார். பார்த்தவன்தான் சரியில்லை.

ஆள் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. ஆனால் மணி மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. சாரை மறுபடி கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “குரூப்ப பஸ்ல ஏத்தி ஏர்போர்ட்டுக்கு விட்டுரு. நீ ஒன் ஜோடியக் கூட்டிக்கிட்டு டாக்சியில பின்னால வா. வந்து சேரலேன்னா ரெண்டு பேரும் நாளைக்கு வாங்க” என்றார். விதிப்படி அதுதான் சரி.

மாமியிடம் சொன்னேன். “அவியள விட்டுட்டு நான் ஏற மாட்டேன் மருமவனே. ராத்திரிக்கு இன்சுலின் ஆரு போட்டு விடுவா? நீங்களா? ஒங்க கையப் பாருங்க.” கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மாமி ஏறாவிட்டால் மகள்கள் ஏற மாட்டார்கள். மகள்கள் ஏறாவிட்டால் மருமகன்கள் ஏற மாட்டார்கள். ஒரு குடும்பம் முழுக்க விமானம் ஏறாமல் போகப் போகிறது என்ற நிலை.

எம்ரேதான் அந்தக் கல்லறைத் தோட்டம் பெரிய சாலைக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது என்றான். பஸ்ஸை அங்கேயே விடச் சொன்னோம். பஸ் அடிவாரத்தில் நின்றது. நாசரும் எம்ரேயும் நானும் மேட்டில் ஏறினோம். இரண்டு பக்கமும் உயரமான சைப்ரஸ் மரங்கள். மழையில் மண் வழுக்கியது. என் மூட்டு அன்றைக்கே என்னிடம் ராஜினாமாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மேலே நாலைந்து பேர் குழியைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் மண் தள்ளிக்கொண்டிருந்தார். சிக்கந்தர் மாமா. சட்டைக் கையை மடித்துவிட்டு, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, பட்டறையில் வேலை செய்கிறவர் மாதிரி தள்ளிக்கொண்டிருந்தார்.

“அத்தா!” என்றான் நாசர்.

மாமா திரும்பிப் பார்த்தார். “வந்துட்டியளா? செத்த பொறுங்க. பாதியில வரப்படாது.”

“மாமா, பிளைட்டு!” என்றேன்.

“அது ராத்திரிதான மாப்ளே?”

அவர் மண்வெட்டியை அடுத்தவர் கையில் கொடுக்கவில்லை. கீழே வைத்தார். அங்கே அதுதான் முறையாம். கைமாற்றிக் கொடுக்கக்கூடாது, வைக்க வேண்டும், அடுத்தவர் எடுக்க வேண்டும். வந்த கொஞ்ச நேரத்தில் அவர் அதைப் பார்த்துப் பழகியிருந்தார். மண்வெட்டி என் காலடியில் கிடந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எடுத்தேன். முதல் மண்ணைத் தள்ளும்போதே கால் வழுக்கியது. நாசர் என் பெல்ட்டைப் பிடித்திருக்காவிட்டால் அன்றைக்கு அந்தக் குழியில் இரண்டு பேர் இருந்திருப்போம். “பாத்து மாப்ளே. ஒனக்கு இன்னும் நாளிருக்கு” என்றார் மாமா. மற்றவர்களுக்குத் தமிழ் புரியவில்லை. ஆனால் இறந்தவரின் மருமகன், கண் சிவந்திருந்தவர், சட்டென்று சிரித்துவிட்டார். பிறகு என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

மண் மூடி, துஆ ஓதி முடிந்ததும் அந்த மருமகன் மாமாவின் கையைப் பிடித்து முத்தமிட்டுத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டார். ஒரு பை நிறைய ரொட்டி கொடுத்தார். மாமா “போயிட்டு வாரேன்” என்று சொல்லவில்லை. நம் ஊர்த் துக்க வீட்டில் சொல்லாமல் கிளம்புகிற மாதிரியே, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

பஸ் படியில் நின்றுகொண்டு வழக்கம்போல, “ஜோடி?” என்றேன். எல்லோரும் தொட்டுக் காட்டினார்கள். கடைசியாக மாமா சேற்றுக் கையால் என் தோளைத் தொட்டார். அந்தச் சட்டை பிறகு வெளுக்கவே இல்லை.

பஸ்ஸில் மாமி மாமாவுக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். திட்டுவதைவிட அது பயங்கரமாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் ரொட்டியைப் பிய்த்து மாமாவிடம் நீட்டி, “அந்தப் பட்டுச் சால்வ போச்சு” என்றார். சமாதானம் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

மாமா எம்ரேயைக் கூப்பிட்டார். “மாப்ளே, இவங்கிட்டக் கேளு. பள்ளியில மையித்துக்குத் தொழுவிச்ச ஹஸ்ரத்து எல்லாரையும் பாத்து என்னமோ கேட்டாரு. எல்லாரும் ஒரே குரலா என்னமோ சொன்னாவ. நானும் அதே மாதிரி சொல்லி வச்சேன். என்னது அது?”

எம்ரே சொன்னதை நான் தமிழில் சொன்னேன்: “எறந்தவரக் காட்டி, இவரை எப்படிப்பட்டவராக அறிவீர்கள்னு கேப்பாங்களாம் மாமா. நல்லவராக அறிவோம்னு சொல்லணுமாம்.”

“பாத்தியா, சரியாத்தான் சொல்லிருக்கேன்” என்று மாமா ரொட்டியைக் கடித்தார்.

விமான நிலையத்தில் எங்கள் கவுண்டரை மூடுவதற்கு முன் கடைசியாகப் போய் நின்றவர்கள் நாங்கள்தான். நான் மட்டுமல்ல, இந்தத் தடவை மொத்தக் குரூப்பும் ஓடியது. எதற்கு ஓடுகிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெட்டிகள் போய், சோதனை முடிந்து, வாயிலுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. மாமி இன்சுலின் போட்டுவிட்டு ஊசியைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். மாமா குனிந்து ஷூவில் காய்ந்த சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“மாமா, அந்தப் பெரியவர ஒங்களுக்கு முன்னப்பின்னத் தெரியுமா?”

“எனக்கு எங்கிட்டுத் தெரியும்?”

“பேராவது?”

“கேக்கல.”

“பொறவு எதுக்கு மாமா வண்டியில ஏறுனிய?”

மாமா நிமிர்ந்து பார்த்தார். இதைக் கூடவா கேட்பான் என்கிற மாதிரி.

“தொழுவ முடிஞ்சதும் மத்தவங்க சோலிக்குப் போயிட்டாவ மாப்ளே. மழை வேற. தூக்க மூணு பேருதான் நின்னாவ.”